மேசியாவும் தமிழ் மாத்திரையும்

சென்ற கிறிஸ்துமஸ் காலத்தில் ஒருநாள் மாலை, இரும்புலியூரில் எங்கள் இல்லத்துக் கூடத்தில் பாடகர் குழுவினர் பன்னிருவர் கூடினோம். ஹாண்டெல் இயற்றிய 'மேசியா' என்னும் பெரும்பாடலில், பாலகன் பிறப்பை அறிவிக்கும் கோரஸைப் பழகினோம். மூலையிலமர்ந்து கேட்டிருந்த என் பாட்டியார், பாட்டு முடிந்ததும், "இராகம் நன்றாயிருக்கிறது, தம்பி, என்ன பாடினீர்கள்?" என்று வினவினார். யான் பொருளைக் கூறினேன். "இது ஏசாயா ஒன்பதாம் அதிகாரமன்றோ! எனக்கு மனப்பாடமாயிற்றே; இதையா பாடினீர்கள்?" என்று அவர் வியந்தார். அவ்வியப்பு எனக்கு நாணத்தை விளைத்தது. அவர் நெஞ்சிலுள்ள வேதவாக்கியமே பேரனின் வாயில் அயலாயிற்று என்றால், குறை கேட்போரிடத்தன்று, பாடுவோரிடத்தேயாம்.

எங்கள் கையிலிருந்தது, பாடகர் 'வோகல் ஸ்கோர்' என வழங்கும் இசைப்புத்தகம். அதில் நால்வகைக் குரல்களுக்கும் உரிய சுரங்கள் தனித்தனி வரிகளில் முழுமையாக நிற்கும். வாத்தியக் குழுவினர் வாசிப்பதனைத்தும், பியானோ அல்லது ஆர்கன் ஒன்றில் வாசிக்கத்தக்கவாறு இரண்டு வரிகளாகச் சுருங்கி அடியில் நிற்கும். பாடுவோரின் சுரங்களுக்குக் கீழே அவற்றிற்குரிய அசைகள் எழுதப்பட்டிருக்கும். 1846 இல் இலண்டன் நொவெல்லோ நிறுவனத்தார் இதனை மலிவு விலையில் வெளியிட்டமையால், இப்பெரும்பாடல் எளியோர் கைக்கும் எட்டிற்று. விலையால் நேர்ந்த தடை அங்ஙனம் தளர்ந்தது. மொழியால் நேரும் தடையையும் நீக்குதல் வேண்டுமாயின், அச்சுரங்களின் கீழே தமிழசைகளை அமைத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

"மூலத்தைச் சிதைக்கலாமோ?" என வினவுவார் உளர். அவர்க்கு விடை ஹாண்டெலிடமே உண்டு. 1741 இல் அவர் இத்தாலிய மொழியில் காதற்பொருள் பற்றிய இருகுரற் பாடல்கள் சில அமைத்தார். அவற்றுள் ஒன்றன் மெட்டையே, அவ்வாண்டில் 24 நாட்களில் மேசியாவை இயற்றியபோது, மேற்கூறிய பாலகன் பிறப்புக் கோரஸிற்கு எடுத்தாண்டார். இத்தாலியச் சொல்லுக்குப் பிறந்த இசை ஆங்கிலச் சொல்லை ஏற்றது. பின்னர் 1789 இல் மொஸார்ட், வியன்னா நகரில் ஜெர்மன் மொழியிற் பாடுமாறு மேசியாவின் வாத்திய அமைப்பைப் புதுக்கித் தந்தார். இங்ஙனம் மொழிவிட்டு மொழி சென்ற இசை, தமிழ் வாயிலில் மட்டும் தயங்கி நிற்பானேன்?

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. மேசியா டப்ளின் நகரில் முதன்முதல் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13 ஆம் நாள். அதே ஆண்டில்தான் பெப்ரிஷியஸ் ஐயர் தரங்கம்பாடியினின்று சென்னைக்கு வந்தார். ஹாண்டெல் பிறந்த ஹாலே நகரில் கல்வி பயின்றவர் அவர். வேப்பேரியிலிருந்து வேதாகமத்தைத் திருத்தமாக மொழிபெயர்த்ததோடு, ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டிலேயே பாடுமாறு தமிழாக்கினார். அயல்நாட்டார் ஒருவர் நம்மொழியிற் செய்த முயற்சியை, அம்மொழிக்குரிய நாம் அரிதென்று கைவிடுதல் தகுமா?

"தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் போதாவோ?" எனின், அவை நம் முதுசொம், அவற்றைக் குறைத்தல் என் கருத்தன்று. ஆயினும் மேசியாவை நாம் முன்னரே பாடிவருகின்றோம். பாடலாமா என்பதன்று வினா. பாடுவது கேட்போர்க்கு விளங்குமா என்பதே வினா.

நிற்க. இவ்வேலை இசையறிஞரால் மட்டும் முடிவதன்று. இலக்கணம் பயில்வோர்க்கு இதில் நீங்காக் கடமையுண்டு. ஆங்கிலம் அசையழுத்தத்தால் நடப்பது. தமிழோ மாத்திரையால் நடப்பது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, குற்றியலுகரத்திற்கு அரை. 'நமக்கு' என்னும் சொல்லின் ஈற்று உகரத்தை நெடுஞ்சுரத்தில் நிறுத்தினால், சொல் உருமாறிச் செவியைப் புண்படுத்தும். மற்று, அக்கோரஸில் பிறப்பைக் குறிக்கும் ஆங்கில அசை ஒன்று, விரைந்த சுரங்கள் பலவற்றின்மீது நீண்டு ஓடுகின்றது. ஆண்டு 'பிறந்தார்' என அமைப்பின், முன்னிரு குறில்களும் ஓட்டத்திற்கு முன்னே விரைந்து கழிய, 'தா' என்னும் நெடில் அவ்வோட்டம் முழுவதையும் தாங்கும். வாய்திறந்து பாட ஆகாரத்தினும் இசைந்த உயிர் வேறு யாது? இசையில் எழுத்துகள் தம் அளவு கடந்தும் ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியர் நூன்மரபிலேயே உடன்பட்டுள்ளார். வேதவசனத்தின் பொருள் திரியாமலும், மாத்திரை கெடாமலும், ஹாண்டெலின் சுரம் குறையாமலும் சொல்லைத் தேர்தல் கடினமே. அக்கடினத்திற்கன்றோ நாம் யாப்பருங்கலக்காரிகையைப் பயில்கின்றோம்!

தொடக்கத்திற்குப் பெரிய திட்டம் வேண்டா. 'அல்லேலூயா', 'ஆமென்' என்னும் இரு சொற்களும் முன்னரே தமிழில் வழங்குவன. எஞ்சியவற்றுள் ஒரு கோரஸை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழ் மாணாக்கர் இருவரும் பாடகர் நால்வரும் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வோமாக. அமைத்த வரியைப் பாடிப் பார்த்து, இடறும் இடத்தில் அழித்தெழுதுவோமாக. வருகின்ற கிறிஸ்துமஸில் என் பாட்டியார், "என்ன பாடினீர்கள்?" என்று கேளாது, தாமும் உடன் முணுமுணுப்பாராயின், அதுவே எம் உழைப்பின் பயனாகும்.