சொன்னதை நம்பும் கம்ப்யூட்டர்

புதிதாக வாங்கிய மவுஸைக் கம்ப்யூட்டரில் செருகிய சில விநாடிகளில் திரையில் அம்புக்குறி நகர ஆரம்பித்துவிடுகிறது. தயாரித்தது யார், எந்த மாடல் என்ற விசாரணை கிடையாது. ‘நான் இந்த ரகம்’ என்று மவுஸ் சொல்கிறது, கம்ப்யூட்டர் நம்புகிறது. வசதியும் ஆபத்தும் இந்த நம்பிக்கையில்தான் இருக்கின்றன.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி கர்னல். ஆயிரக்கணக்கான சாதனங்களை அது தனித்தனியாகக் கட்டி மேய்க்க முடியாது. ரகம் பிரித்தாக வேண்டும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், சாதனங்களை இரண்டாகப் பிரித்தது. கீபோர்டு போல எழுத்துகளை வரிசையாக அனுப்புபவை ஒன்று. டிஸ்க் போலத் தகவலைக் கட்டம் கட்டமாக வைத்து, எந்தக் கட்டத்தையும் நேரே எடுக்க விடுபவை மற்றொன்று. ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு எண்கள். முதல் எண் எந்த டிரைவர் என்று சொல்லும். அடுத்தது அந்த டிரைவரின் கீழ் எத்தனையாவது சாதனம் என்று.

இந்தப் பிரிவினை வெகுகாலம் ஓடியது. ஆனால் நெட்வொர்க் கார்டு இரண்டிலும் அடங்கவில்லை. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 கர்னல், ஒலி, நெட்வொர்க், உள்ளீடு என்று செய்யும் வேலையை வைத்தே சாதனங்களை வகுத்துக் காட்டியது. மவுஸ் வயரில் வந்தாலும் வயரில்லாமல் வந்தாலும் ஒரே ரகம். புரோகிராம் எழுதுபவருக்குப் பாதித் தலைவலி தீர்ந்தது.

1996இல் அறிமுகமான யு.எஸ்.பி. இன்னும் ஒரு படி மேலே போனது. ரகத்தைச் சாதனமே எண்ணாகச் சொல்லிவிடும். 3 என்றால் கீபோர்டு, மவுஸ் வகையறா, 7 பிரின்டர், 8 பென் டிரைவ் போன்ற சேமிப்புச் சாதனம்.

பொய் சொன்னால்? 2014இல் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் அதைச் செய்தே காட்டினார்கள். பென் டிரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியதும், அது தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டது. கர்னல் நம்பியது. உட்கார்ந்திருப்பவரே தட்டுவதுபோல் கட்டளைகள் பறந்தன. ஃபைல்களைச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளின் கண்ணில் இந்த மாற்றம் படுவதில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. நிர்வாகி அனுமதிக்கும்வரை புதிய யு.எஸ்.பி. சாதனத்தை வாசலிலேயே நிறுத்திவைக்க லினக்ஸில் வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு மவுஸுக்கும் அனுமதி கேட்டால் பொறுமை யாருக்கு இருக்கிறது? ஆகவே பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் கதவு திறந்தே கிடக்கிறது. ஜெராக்ஸ் கடை, கல்லூரி, அலுவலகம் என்று ஒரே பென் டிரைவ் சுற்றிவரும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. கீழே கிடந்து எடுத்த பென் டிரைவைச் செருகாமல் இருப்பதே எளிய பாதுகாப்பு. கர்னலுக்குச் சந்தேகப்படத் தெரியாது. அந்த வேலையை மனிதர்தான் செய்ய வேண்டும்.