பட்டாசுப் பெட்டி சொல்கிறது. ஷாம்பு பாக்கெட் சொல்ல வேண்டாமா?

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பொழுது சாயும் நேரம். பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கிறது. பெண்கள் இறங்குகிறார்கள். எதிரே பெட்டிக் கடை. கடை வாசலில் சரம் சரமாக ஏதோ தொங்குகிறது.

வெடிச் சரமா? இல்லை. ஷாம்பு பாக்கெட்!

"அண்ணாச்சி, ரெண்டு கிழிச்சுக் குடுங்க" என்கிறாள் ஒரு பெண். கடைக்காரர் கிழித்துக் கொடுக்கிறார். ஒன்று ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்தான். அவள் வீட்டுக்குப் போகிறாள்.

அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது? அவளுக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. தெரியப்படுத்த வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை!

நேரான முடி உள்ளவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருப்பது சுருட்டை முடி. அதுவும் காய்ந்துபோன சுருட்டை முடி. இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்தவள். இப்போது மீண்டும் நீளமாக வளர்க்க ஆசைப்படுகிறாள். அவளுக்குத்தான் தொல்லை.

காய்ந்த பூமி

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை குறைவு, வெயில் அதிகம். இந்த வறட்சிதான் சிவகாசிக்கு வாழ்வு கொடுத்தது. 1922-ம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஈரம் இல்லாத காற்றில் தீக்குச்சி சீக்கிரம் காய்ந்தது. தொழில் பற்றிக்கொண்டது. பிறகு பட்டாசு வந்தது. அச்சகங்கள் வந்தன.

தீக்குச்சிக்கு உதவுகிற காற்று தலைமுடிக்கு உதவாது. முடியில் உள்ள ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. சோப்புப் போட்டால் நுரை வராது. அந்தத் தண்ணீரில் குளித்தால் முடி நார் போல ஆகிவிடுகிறது.

ஆலையிலோ வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தாலும் தூசி எப்படியோ உள்ளே போய்விடுகிறது. எனவே தினமும் தலையைக் கழுவத் தோன்றுகிறது. கழுவக் கழுவ முடி மேலும் காய்கிறது.

கடைமடைக்கு எண்ணெய் எட்டவில்லை

முடியின் வேரில் இயற்கையாகவே கொஞ்சம் எண்ணெய் சுரக்கிறது. நேரான முடியில் அது மெல்ல இறங்கி நுனி வரை போகும். சுருட்டை முடியில் அப்படிப் போக முடியாது. நேரான வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்கு ஓடிவிடும். வளைந்து வளைந்து போகிற வாய்க்காலில் பாதியிலேயே நின்றுவிடும் அல்லவா? அது போலத்தான். வேரில் பிசுபிசுப்பு, நுனியில் வறட்சி!

முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்கிறது. ஆண்டுக்கு 6 அங்குலம். அப்படியானால் ஒரு முழக் கூந்தலின் நுனிக்கு வயது என்ன? மூன்று! வாரம் ஒரு முறை கழுவினாலும், அந்த நுனி 150 தடவைக்கு மேல் கழுவப்பட்டிருக்கும். முடி வளரவில்லை என்று பலர் வருந்துகிறார்கள். உண்மையில் வேரில் அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. காய்ந்த நுனி உடைந்து உதிர்வதால் நீளம் ஏறுவதில்லை. முடியை வளர்ப்பது என்றால் பாதி வேலை நுனியைக் காப்பாற்றுவதுதான்.

மினுமினுப்பு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் சிலிகோன் வருகிறது.

மணலில் இருந்து எடுக்கும் சிலிக்கன் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு ஆலைகளில் செய்யும் பசை அது. ஷாம்புவிலும், ஷாம்புவுக்குப் பிறகு பூசும் கண்டிஷனரிலும், 'சீரம்' என்று விற்கும் திரவத்திலும் அதைச் சேர்க்கிறார்கள். முடியின் மேல் அது மெல்லிய பூச்சாகப் படிகிறது. முடி வழவழப்பாகிறது. சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. மினுமினு என்று மின்னுகிறது.

இது விஷம் அல்ல. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். சிக்கு எடுக்கும்போது முடி அறுந்து போகாமல் தடுப்பதும் இதே சிலிகோன்தான். நேரான முடிக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 2020 ஜனவரி 31 முதல் டி4, டி5 என்ற இரண்டு வகைச் சிலிகோன்களை, கழுவிவிடும் பொருள்களில் 0.1 சதவீதம் அளவுக்குச் சேர்க்கவும் தடை வந்தது. அதுகூட முடிக்காக அல்ல. அவை தண்ணீரில் கலந்தால் எளிதில் அழிவதில்லை என்பதற்காக.

சுருட்டை முடிக்கு என்ன தொல்லை? பெரும்பாலான சிலிகோன்கள் தண்ணீரில் கரையாதவை. லேசான ஷாம்பு போட்டால் முழுவதும் போகாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும். காய்ந்த முடிக்குத் தேவை தண்ணீரும் எண்ணெயும். அவை உள்ளே போவதற்குப் பூச்சு தடையாகிறது. சுருள் கனத்துத் தொங்குகிறது. பூச்சை எடுக்க அழுத்தமான ஷாம்பு போடவேண்டும். அது பூச்சோடு சேர்த்து, இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகிறது. முடி முன்னைவிடக் காய்கிறது. காய்ந்த முடியை மறைக்க மறுபடியும் மினுமினுப்புப் பூச்சு!

கிணறு வெட்டிய கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் கதைதான் இது.

'கோன்' வந்தால் கவனம்

அமெரிக்காவில் சுருட்டை முடி உள்ள பெண்கள் இதைக் கண்டுகொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. நியூயார்க்கில் முடி திருத்தும் தொழில் செய்த லொரெய்ன் மாஸி என்ற பெண்மணி, சுருட்டை முடிக்காரர்கள் சிலிகோனையும் அழுத்தமான ஷாம்புவையும் விட்டுவிட வேண்டும் என்று புத்தகமே எழுதினார். இன்று சென்னையிலும் மதுரையிலும் இளம் பெண்கள் அந்த முறையைப் பின்பற்றுகிறார்கள்.

அவர்கள் செய்வது என்ன? பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பின்பக்கம் ஒரு பட்டியல் இருக்கும். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன், டைமெத்திகோனால் என்று 'கோன்' வருகிறதா, 'சிலோக்சேன்' என்று முடிகிற பெயர் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். (கோன் என்றால் தமிழில் அரசன். இந்த அரசன் தலையில் ஏறினால் எளிதில் இறங்கமாட்டான்!) பெயருக்கு முன்னால் 'பெக்' என்று இருந்தால் அது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் வகை, அவ்வளவு தொல்லை இல்லை. பட்டியலின் கடைசியில்தானே இருக்கிறது என்று அலட்சியம் செய்யவும் கூடாது. 1 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது விதி.

படிக்கத் தெரிந்தவர்களுக்கு வழி இருக்கிறது. சந்தோஷம்.

அரப்பும் எண்ணெயும்

சிலிகோனை விட்டால் எதைப் போடுவது? விருதுநகர்க்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதே வேடிக்கை. எண்ணெய் வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. புரோட்டாவையே எண்ணெயில் பொரித்தெடுக்கிறவர்கள் தலைக்கு எண்ணெய் தேடி எங்கே போகவேண்டும்?

தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்குகிறது. முடியின் சத்துக் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் மும்பை ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பாட்டிமார்களின் அனுபவம் அதற்கு எதிராக இல்லை.

ஆனால் எண்ணெய்த் தலையோடு ஆலைக்குப் போகக் கூடாது. தூசி அப்பிக்கொள்ளும். குளிப்பதற்கு முன்பு, நுனி வரை நன்றாகத் தேய்த்து ஊறவிடவேண்டும். பிறகு அரப்பு. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடி அது. நுரை அதிகம் வராது. ஆனால் அழுக்கு போகும். சீயக்காயும் நல்லதுதான். அதிகமானால் அதுவும் காயவைக்கும். கண்ணில் பட்டால் எரியும். எந்தப் பொடியானாலும் துணியில் சலித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் சுருளுக்குள் துகள் மாட்டிக்கொண்டு சீப்பைப் பிடித்து இழுக்கும். ஈரம் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே போகவேண்டும்.

பழைய பூச்சு போக முதலில் ஒரு தடவை அழுத்தமான ஷாம்பு போட்டாகவேண்டும். அதன் பிறகு சில வாரம் முடி முன்னைவிட முரடாகத் தெரியும். பயப்பட வேண்டாம். முடி புதிதாகக் கெட்டுவிடவில்லை. இத்தனை நாள் பூச்சு மறைத்திருந்தது, இப்போது தெரிகிறது.

60 மில்லிக்குள் ஒரு மறைவு

தினமும் வேலைக்குப் போகிறவளுக்கு அரப்புக் கரைக்க நேரம் ஏது? அவள் பாக்கெட்டைத்தான் வாங்குவாள். வாங்கட்டும், தப்பு இல்லை. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைகள் கைக்கும் எட்டச் செய்தவர்கள் தமிழர்களே. கடலூர் சின்னி கிருஷ்ணன் அதற்கு வழி காட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கிச் சிக் ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். பணக்கார வீட்டுக் குளியலறையில் இருந்த பொருள் பம்பு செட்டுக்கு வந்து சேர்ந்தது. அது ஒரு சாதனைதான்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? அழகுசாதனப் பொருள்களில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சடிக்கவேண்டும் என்கிறது. சொல்லிவிட்டு, 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கு அது வேண்டாம் என்று விலக்கும் கொடுக்கிறது. 2020-ல் வந்த புதிய அழகுசாதன விதிகளிலும் இந்த விலக்கு இருக்கிறது.

பாட்டில் வாங்குகிறவளுக்குத் தகவல் உண்டு. பாக்கெட் வாங்குகிறவளுக்கு இல்லை. பத்துப் பாக்கெட்டைச் சேர்த்து வாங்கினாலும் இல்லை! சில கம்பெனிகள் தாமாகவே அச்சடிக்கின்றன. அதுவும் கடுகிலும் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிற தாய்க்கு அதனால் என்ன பயன்?

பட்டாசைப் பாருங்கள். ஒவ்வொரு பட்டாசுப் பெட்டியிலும் உள்ளே இருக்கும் ரசாயனங்களின் விவரம் இருக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் உத்தரவிட்டது. ஒருநாள் கொளுத்தி மறுநாள் குப்பையாகிற பொருளுக்கே அந்த மரியாதை! வாரா வாரம் தலையில் தேய்க்கிற பொருளுக்கு ஏன் இல்லை?

சின்னப் பாக்கெட், இடம் இல்லை என்பார்கள். நடிகையின் முகத்துக்கு இடம் இருக்கிறது. இடுப்பு வரை தொங்கும் அவள் கூந்தலுக்கும் இடம் இருக்கிறது. தீப்பெட்டி மேல் ஒட்டும் துண்டுக் காகிதத்தில் படமும் பெயரும் ஊரும் அச்சடித்துக் காட்டியது சிவகாசி. அந்த ஊர்க்காரர்களிடம் போய் இடம் இல்லை என்று சொல்ல முடியுமா?

பெரிய பட்டியல்கூட வேண்டாம். 'சிலிகோன் உண்டு' அல்லது 'சிலிகோன் இல்லை'. தமிழில் இரண்டே வார்த்தை. அதற்கும் மனம் இல்லையென்றால், உணவுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி வைப்பது போல ஓர் அடையாளம் போதும். எழுத்துத் தெரியாத பாட்டியும் பேத்திக்கு எடுத்துச் சொல்வாள்.

இதற்காகப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. விதிகளைத் திருத்தும் அதிகாரம் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் இருக்கிறது. 60 மில்லி என்று விலக்குக் கொடுக்கும் அந்த ஒரு வரியை ஷாம்புவுக்கு மட்டும் நீக்கினால் போதும்.