சங்கீதக் கதிரைக்கு நான் வரவில்லை

உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி. "ஐம்பது வயசுக்கு மேற்பட்டவங்க சங்கீதக் கதிரைக்கு வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். நூறு மீற்றர் ஓட வந்து நின்ற ஓர் ஆயாவை, "இந்த வயசுல எதுக்கு ஆயா? விழுந்து இடுப்ப ஒடிச்சுக்காதீங்க" என்று திருப்பி அனுப்பினார் ஒரு தம்பி. என்ன கரிசனம்!

அந்த ஆயா சேமலாபப் பணம் வாங்கி வருடங்களாகின்றன. இன்றும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறார். பனியில் வழுக்கும் மலையில் ஏறி, முதுகில் சுமையோடு மடுவத்துக்கு இறங்குகிறார். அப்போது இடுப்பு ஒடியாதாம். தராசுக்கு முன்னால் அவருக்கு வயதே இல்லை. மைதானத்தில் மட்டும் கிழவி.

ஃப்ளோ மெய்லர் என்ற அமெரிக்கப் பெண் கோலூன்றிப் பாய்தலை ஆரம்பித்தது 65 வயதில். ஆரம்பித்தது, ஐயா, விட்டது அல்ல! ஓடிவந்த வேகத்தைக் கோலில் ஏற்றி, வளைந்த கோல் நிமிரும்போது தானும் எழும்பிக் குறுக்குத் தடியைத் தாண்டும் விளையாட்டு அது. மூத்தோர் தடகளத்தில் 35இலிருந்து ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு, பிரிவுக்கொரு சாதனை. 65 பிறந்தால் அந்தப் பிரிவில் நீங்கள்தான் இளசு. மெய்லர் 84 வயதில், 2019இல், போலந்தின் தொருன் நகருக்கு உலகப் போட்டிக்குப் போனார். அங்கே யாரும் அவருக்குக் கதிரை போடவில்லை.

வெள்ளைக்காரி, சத்தான சாப்பாடு என்பீர்கள். முல்லைத்தீவு முள்ளியவளை அகிலத்திருநாயகி என்ன சாப்பிட்டார்? 2023இல், எழுபது தாண்டிய வயதில், பிலிப்பைன்ஸில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வாங்கினார். ஊரே மாலை போட்டது. மாலை போட்ட கையோடு வீட்டுக் கிழவியை மூலையில் உட்காரச் சொன்னது.

டொக்டரிடம் போனாலும் இதே பாட்டு. முழங்கால் வலி என்றேன். "வயசுதானே" என்றார். இரண்டு முழங்காலுக்கும் ஒரே வயசு, டொக்டர். வலிப்பது இடது மட்டும்தான். தோட்டத்து மைதானத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நீளம் பாய ஒரு மணல் குழி கிடையாது. தேர்தல் வந்தால் மேடை மட்டும் முளைக்கும். இதில் கோலை எங்கே ஊன்ற?

கோல் வேண்டாம். அடுத்த வருடம் சுண்ணாம்பில் ஒரு கோடு கூடுதலாகப் போடுங்கள், தம்பி. அந்த ஆயாவின் பேரை நூறு மீற்றரில் எழுதுங்கள். பக்கத்துக் கோட்டில் என் பேரையும்.