சேர்ந்தவர்களும் முடித்தவர்களும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடைபெறுகையில், விலை முழுவதும் கணினித் திரையிலேயே ஏறினாலும், வியாபாரிகள் கைக்கு வந்த மாதிரிக் காயை விரலால் உருட்டி, நிறத்தையும் பருமனையும் பரிசோதித்துத் திருப்தியடைந்த பின்னரே விலை கேட்கிறார்கள். இணையவழிக் கல்வியைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள், திரை மட்டும் போதாது என்பதை உணர, அந்த ஏலக் கூடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவது உசிதமென்பது என் அபிப்பிராயம்.

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003-இல் ஆரம்பித்த என்.பி.டெல், மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஸ்வயம், தமிழக அரசின் 2022-ஆம் ஆண்டு நான் முதல்வன் ஆகிய கல்வித் திட்டங்கள் தரும் இணையப் பாடங்களின் மூலம், போடி அரசுப் பொறியியல் கல்லூரி மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் ஒரே பேராசிரியரின் விரிவுரை கிட்டுவது அற்ப விஷயமன்று. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2021-இல் இடமளித்துவிட்டது. ஆயினும் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரையின்படி, 2017-18-இல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதமே. பதிவு செய்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் பாடத்தின் வாசலையே மிதிப்பதில்லையாம்!

இதற்கு இணைய வசதியின்மை மட்டுமே காரணமன்று. கொரோனாக் காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜி.பி. டேட்டா இலவசமாக அளித்தது. சிக்னல் எட்டாத மலைச்சரிவு வீட்டில் அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பது நியாயமே. ஆனால் சிக்னல் எட்டிய வீட்டிலும், விடியுமுன்னே ஜீப்பேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போன பெற்றோர் களைத்துத் திரும்பும் வேளையில், உலை வைத்துத் தம்பி தங்கையரையும் கவனிக்கும் பெண்ணுக்கு, படித்தாயா என்று யாரும் கேட்காத பாடத்தைத் தனியே திறந்து பார்க்கும் சிரத்தை எங்கிருந்து வரும்?

என்.பி.டெல் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. வாராந்தரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் பரீட்சைக்கு 75, இவற்றோடு கல்லூரியிலேயே வழிகாட்டியாக ஓர் ஆசிரியர் என்ற அந்த ஏற்பாட்டில், மாணவரை ஈர்த்து நிறுத்துவன கெடு தேதியும் கேட்பார் ஒருவர் இருப்பதுமே என்பேன். காணொளியின் மெருகுக்கு அதில் பங்கு சொற்பம். அந்த வழிகாட்டிக்குப் பாடவேளை அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரமும், அதற்கு ஈடாக மற்ற வேலையில் குறைவும் அளிக்காமல், இருக்கும் சுமையின் மேல் இதையும் ஏற்றினால் அவர் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுவார். அந்த ஒரு மணி நேரமும் பகலிலேயே அமைய வேண்டும். மாலை ஐந்துக்கு மேல் வைத்தால், மலைமேல் போடிமெட்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் ஒருவரும் அதற்கு இருக்க மாட்டார்கள்.