இனிப்பு நீர்: தசையை மறந்த வைத்தியம்

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அதே ஆய்வில் மாநிலங்களில் முதலிடம் நெகிரி செம்பிலானுக்கு. அம்மாநிலத்தின் சி ரூசா வட்டாரத் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பங்களுக்கு இரண்டு கணக்கும் பொருந்தும்.

காரணம் கேட்டால் எல்லாரும் தே தாரிக்கைக் காட்டுகிறோம். பாதிதான் உண்மை. அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளர்களும் சீனி கலந்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனார்கள். என் பார்வையில், பெரிதாக மாறியது தசையின் வேலை.

சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் தசைச் செல்லின் ஏற்பியில் போய் அமர்கிறது. அந்தச் செய்தி உள்ளே புரதத்திலிருந்து புரதத்துக்குக் கைமாறி ஏகேடி என்ற நொதியை எழுப்ப, உள்ளே ஒதுங்கியிருந்த குளூட்-4 வாயில்கள் செல் சவ்வுக்கு வந்து சர்க்கரையை ஏற்கின்றன. இன்சுலின் சொல்லி உடல் உள்வாங்கும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைக்கே. தசைக்குள் கொழுப்பு சேர்ந்தால் செய்தி நடுவழியில் மங்கும். நம்மவர்க்கு இது மெலிந்த உடம்பிலும் வரும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், எடை குறைந்து பிறந்த குழந்தைகளிடமே தசை குறைவாகவும் ஒப்பளவில் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதைக் கண்டார்.

ஆனால் தசை சுருங்கி உழைக்கும்போது ஏஎம்பிகே போன்ற புரதங்கள், இன்சுலின் சொல்லாமலேயே அதே வாயில்களைத் திறக்கின்றன. இனிப்பு நீர் வந்த பிறகும் இந்த வழி பெரும்பாலும் கெடுவதில்லை. செம்பனைக் குலை இறக்கிச் சுமந்தவர்களுக்கு அது நாள் முழுதும் திறந்திருந்தது. அவர்களின் பிள்ளைகளில் பலருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. தோட்ட வாழ்க்கையைப் போற்றவில்லை. அது முதுகையும் முழங்காலையும் தின்றது.

அந்தத் தசையை வளர்க்கவும் வழி உண்டு. பாரம் தூக்கினால் எம்டார் என்ற புரதம் விழித்துத் தசையைக் கட்டச் சொல்லும். மையோஸ்டாட்டின் என்ற இன்னொரு புரதம் தடை போடும். அதற்கான மரபணுவை 1997இல் நீக்கிப் பார்த்தபோது எலிகளின் தசை இரண்டு, மூன்று மடங்கு பெருத்தது. தடையும் வேண்டியதுதான். ஓயாத எம்டார் இன்சுலின் செய்தியையே மழுங்கடிக்கும், புற்றுநோய்க்கும் துணைபோகும். இதே போலப் புண் ஆறும்போதும் முதலில் அழற்சி, பிறகு ஆற்றுதல் என்று செய்தி மாறியாக வேண்டும். சர்க்கரை கூடிய உடம்பில் அந்த மாற்றம் தாமதிக்கிறது. நரம்பு மரத்து, ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், காலில் குத்திய சின்ன முள் விரலையே கொண்டுபோகலாம்.

கிளினிக்கில் சீனியைக் குறை, நட என்கிறார்கள். சரிதான், போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரையை நிறுத்தாமல், காலில் புண் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்தே தொடங்கலாம். கோயில் நிர்வாகங்களே, திருவிழா இல்லாத நாட்களில் மண்டபத்தை இதற்குத் திறந்துவிடுங்கள்.