புரையா, அழுத்தமா?

பாட்டிக்குப் பார்வை மங்கினால், "புரை விழுந்திருக்கும், முற்றட்டும்" என்று இருந்துவிடுகிறோம். சகோதரிகளே, இது ஆபத்து!

கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவதே கண்புரை. அதை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை திரும்பும். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இச்சிகிச்சைக்குப் பேர்போனது. எட்டாத விலையில் இருந்த வில்லையை 1992 முதல் மதுரை ஆரோலேப் மலிவாகச் செய்து தருகிறது.

கண் நீர் அழுத்த நோய் வேறு. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு பழுதாகும். பலருக்கு வலியே இராது. ஓரப் பார்வை மெள்ள மெள்ளக் குறையும். போன பார்வை திரும்பாது, மிஞ்சியதைக் காக்கலாம்.

இரண்டில் எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும். ஆகவே, முற்றும்வரை காத்திராமல் பாட்டியை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். 40 வயது தாண்டியிருந்தால் உங்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள்!