கொழுந்துக் கூடையும் முதுகில் பதிக்கும் மின்கருவியும்

நாள்பட்ட இடுப்புவலிக்கு உடலுக்குள் மின்கருவி பதிக்கும் சிகிச்சை பயன்தருமா எனத் தோட்டப் பகுதி நண்பர்கள் சிலர் வினவியிருந்தனர். மூணாறோ பீருமேடோ நெல்லியாம்பதியோ, நாற்பதைக் கடந்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இடுப்புவலி இல்லையென்றால்தான் வியப்பு. ஆகவே கேள்வி நியாயமானதே. என் விடை: இப்போதைக்கு அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

இச்சிகிச்சையின் வேர், 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் முன்வைத்த 'வாயில்' கோட்பாடு. தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால், வலியைக் கடத்தும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்பது அது. அடிபட்ட இடத்தை நம்மையறியாமல் தேய்த்துக்கொள்கிறோமே, அதே தத்துவந்தான். 1967இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி முதன்முதலாகத் தண்டுவடத்தின் பின்புறம் மின்முனை பொருத்தினார். இன்று மின்முனைகள் தண்டுவட உறைக்கு வெளியே வைக்கப்படுகின்றன. மின்கலம் பிட்டத்திலோ வயிற்றிலோ தோலுக்கடியில் தங்குகிறது. செலவு பல இலட்சம் ரூபாய்.

அழகான கோட்பாடு, ஆனால் சான்று மெலிந்தது. 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 13 ஆய்வுகளையும் 699 நோயாளிகளையும் பரிசீலித்து, இடுப்புவலிக்கு நீடித்த பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்றது. 2022இல் வந்த நார்வே ஆய்வில், முதுகு அறுவைக்குப் பின்னும் காலுக்குப் பரவும் வலி தீராத 50 பேருக்குக் கருவி பதித்து, இயங்குகிறதா இல்லையா என்பதை அவர்கள் அறியாதவாறு மாற்றி மாற்றிச் சோதித்தனர். அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதுகெலும்பைத் தாங்கும் மல்டிஃபிடஸ் தசையின் நரம்பைத் தூண்டும் வேறொரு கருவிக்கு 2020இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதன் 204 பேர் ஆய்விலும், 120ஆம் நாளில் பயனடைந்தோர் ஒருபுறம் 57 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 47. புள்ளியியல் நோக்கில் அவ்வேறுபாடு உறுதிப்படவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் சாலையில் அமர்ந்தபோது நாட்கூலி 232 ரூபாய். அதற்குப் பறிக்க வேண்டிய அளவு 21 கிலோ. கேட்டது 500, கிடைத்தது 301. அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு உண்டு. அந்தக் காசுக்காகவே சரிவில் குனிந்த முதுகு நிமிராமல் கிடக்கிறது. ஊதியக் கணக்கு இவ்வாறு எழுதப்பட்டிருக்கையில், வலியை நரம்பில் மட்டும் தேடுவது எனக்கு ஏற்புடையதன்று. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே மருத்துவ வசதியைக் கட்டாயமாக்கியது. எனினும் தோட்ட மருத்துவமனைகளில் பெரும்பாலும் வலிமாத்திரையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வாரம் இருமுறை ஓர் இயன்முறை மருத்துவர் வந்தாலே போதும், ஒரு கருவியின் விலையில் ஒரு தோட்டமே பயன்பெறும்.

கருவியை நான் அடியோடு மறுக்கவில்லை. அறுவைக்குப் பின் காலில் எரிச்சலாய் நீடிக்கும் நரம்புவலிக்கு அதை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். அப்போதும் நிரந்தரமாகப் பதிக்கும் முன் சில நாள் தற்காலிகச் சோதனை செய்யுமாறு வற்புறுத்துங்கள். தொற்று ஏற்பட்டாலோ மின்முனை நகர்ந்தாலோ மீண்டும் மலையிறங்கி நகரத்துக்குத்தான் போக வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இடுப்புவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, மர்மப் பகுதி மரத்துப்போனாலோ, நாள் கடத்தாமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.